நெளுக்குளத்தில் ஒரு கள்ள மக்

போன கிழமை அலுவலகத்தில் வேலை குறைந்திருந்த ஒரு மத்தியானம், பழைய பழக்கத்தில் ஒரு இணையத்தளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சாதாரணக் கொம்பியூட்டரை மக் கொம்பியூட்டராக மாற்றுகிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வந்து கூடிக் கதைக்கிற இடம் அது. ஒரு காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடமும் கோயிலும் அதுவாகத்தான் இருந்தது. இப்போது உள்ளே போனால் செத்தவீடு மாதிரி இருக்கிறது. இனி வரப்போகிற மக் மென்பொருள் பழைய வகைப் பெட்டிகளில் ஓடவே ஓடாதாம். ஆளுக்காள் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். பிரேசிலில் இருந்து ஒருவர் தன் பெட்டியின் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு மெழுகுதிரியும் ஏற்றி வைத்திருந்தார். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்கு இந்த வில்லங்கமெல்லாம் தெரியாமலிருக்கலாம். மக் என்பது காசுக்காரரின் கொம்பியூட்டர். அதன் மென்பொருள் அந்தக் கம்பனி செய்த பெட்டியில் மட்டும்தான் வேலை செய்யும். ஆனால் உள்ளுக்குள் இருக்கிற சாமான்கள் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிகளிலும் இருப்பவைதான். அதனால் கழித்துவிட்ட ஒரு பழைய அலுவலகப் பெட்டியை எடுத்து, "நீதான் மக், நீதான் மக்" என்று அதற்குப் பொய் சொல்லி நம்பவைத்தால் அதிலும் ஓடும். ஹக்கின்ரோஷ் என்று அதற்கு ஊருலகத்தில் பெயர். எங்கள் கடையில் அதைக் கள்ள மக் என்போம். சட்டப்படி இது சரியா என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் கடை என்றால், வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில், ஒரு தையல்கடைக்கும் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் நடுவில் இருந்த நியாஸ் நானாவின் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடித் திரிந்தபோது, "பொம்பிளைப் புள்ள ஸ்குரூ கழட்டுமோ?" என்று கேட்டார். கழட்டுவேன் என்றேன். ஒரு பெட்டியை முன்னால் தள்ளினார். கழட்டினேன். திரும்பப் பூட்டும்போது இரண்டு ஸ்குரூ மிஞ்சிவிட்டது. அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றார். அதுதான் எனக்கு நேர்முகப் பரீட்சை.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு மணம் உண்டு. கொழும்பிலிருந்து லொறியில் வரும். வெளிநாட்டு வங்கிகளிலும் கந்தோர்களிலும் பாவித்துக் கழித்தவை. மேலே பழைய கந்தோரின் ஸ்ரிக்கரைக் கிழித்தெடுத்த பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல்தரம் கரண்ட் கொடுக்கும்போது உள்ளே காலகாலமாகக் கிடந்த தூசி சூடாகி ஒரு வாசம் கிளம்பும். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் யாரோ கோட்டுப் போட்டிருந்தவர்களின் அறை வாசம் என்று நான் நினைத்துக்கொள்வேன். நானா அதற்கு, "எலி செத்தாலும் இப்பிடித்தான் மணக்கும்" என்பார். அவர் தண்ணீரூற்றுக்காரர். சின்ன வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, கலியாணம் கட்டி, பிறகு திரும்பி வந்தவர். எந்தச் சாமானையும் நிரந்தரம் என்று நம்பாத மனுசன். "ஓடுமட்டும் ஓடட்டும்" என்பதுதான் அவர் எல்லாப் பெட்டிக்கும் கொடுத்த உத்தரவாதம்.

அந்தக் கடைக்குத்தான் தயா அக்கா வந்தா.

தயாநிதி என்பது முழுப்பெயர். வவுனியாவை ஒட்டிய நெளுக்குளத்தில் தாயோடு இருந்தா. இருவருக்கும் சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கத்து வயற்காணி ஒன்று. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு அங்கே போகாமல் நெளுக்குளத்திலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார்கள். ஏன் போகவில்லை என்பதை நான் கனகாலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். தயா அக்காவின் தொழில், பாரிஸில் நடக்கிற கலியாணங்களுக்கு வீடியோ வெட்டி ஒட்டுவது. அங்கே ஸ்ரூடியோ வைத்திருக்கும் சுதன் என்பவர் கலியாணத்தைப் படம்பிடித்து இணையத்தால் அனுப்புவார். அவா அதைப் பார்த்து, தேவையில்லாததை வெட்டி, பாட்டுப் போட்டு, ஒரு அழகான படமாக்கித் திருப்பி அனுப்புவா. பாரிஸைக் கண்ணால் காணாத மனுசிக்கு, அங்கே எந்த மண்டபத்தில் வெளிச்சம் சரியில்லை, எந்த ஐயர் அவசரப்படுத்துவார் என்பதெல்லாம் தெரியும். ஒருநாள் கடையில் இருந்துகொண்டு, "அந்த மண்டபத்தில வாசல்ப்பக்கம் குளிர் அடிக்கும் போல, எல்லாரும் கையைத் தேய்ச்சுக்கொண்டுதான் உள்ள வருகினம்" என்றா. நான் அவவுடைய பாரிஸைத்தான் இன்றுவரை பாரிஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவா வந்தது ஒரு பிரச்சினையோடு. சுதன் புதிய எடிட்டிங் புரோகிராமுக்கு மாறிவிட்டார். அது மக்கில் மட்டும்தான் ஓடும். இனி இதில்தான் வேலை, மக் இல்லாதவர்களுக்கு அனுப்ப முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அப்போது நாட்டின் நெருக்கடிக் காலம். டொலர் இல்லை, சாமான் இறக்குமதி இல்லை. காசு இருந்தவனுக்கே மக் கிடைக்கவில்லை. அவவிடம் அதுவும் இல்லை.

"வேற ஒரு வழியும் இல்லையோ?" என்று கேட்டா.

நானா என்னைப் பார்த்தார். நான் அந்த இணையத்தளத்தில் இரவுபகலாகக் கிடந்து வாசித்ததெல்லாம் அவருக்குத் தெரியும். "இந்தப் புள்ள ஏதோ கள்ள வேலை ஒண்டு வாசிச்சு வெச்சிருக்கு" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

அலுமாரியில் இருந்த பெட்டிகளில் கொஞ்சம் நல்லதாக ஒன்றை எடுத்தோம். ஒரு காலத்தில் ஏதோ காப்புறுதிக் கந்தோரில் இருந்த பெட்டி. நினைவகத்தைக் கூட்டினோம். பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கடையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு மலிவான எஸ்.எஸ்.டி. டிஸ்க்கைப் போட்டோம். பிறகு என்னுடைய வேலை. ஒரு பென் டிரைவில் மக் மென்பொருளை ஏற்றி, கூடவே அந்தப் பொய் சொல்லுகிற பகுதியையும் எழுதிவைக்க வேண்டும். அதில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திரையில் அந்தக் கம்பனியின் கடித்த பழச் சின்னம் வரும், கீழே ஒரு கோடு மெல்ல மெல்ல நகரும், பாதியில் நின்றுவிடும். அவ்வளவுதான். ஏன் நின்றது என்று சொல்லாது. நான் எழுத்தை மாற்றுவேன். மறுபடி கோடு வரும், அதே இடத்தில் நிற்கும். இன்னொருமுறை கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்கே நானும் நானாவும் தேத்தண்ணி குடித்துக் கொண்டாடினோம்.

இதற்குள் கரண்ட் வெட்டு. ஊரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, இன்ன எழுத்துக்கு இன்ன நேரம் என்று வெட்டினார்கள். எங்கள் எழுத்துக்கு எப்போதும் கோடு முக்கால்வாசி போன நேரத்தில்தான் வெட்டு வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பற்றறிப் பெட்டி கீக் கீக் என்று கத்தும், பிறகு அதுவும் சாகும். நாங்கள் இருட்டுக் கடையில் வாசலைப் பார்த்தபடி இருப்போம். எதிரே எரிபொருள் வரிசை ஒழுங்கைவரை வந்து நிற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். நாங்கள் ஒரு கோடு நகர்வதற்குக் காத்திருந்தோம்.

ஒருநாள் அது வந்தேவிட்டது. கோடு கடைசிவரை போய், திரை ஒருமுறை இருண்டு, மலைக் காட்சியோடு விரிந்தது. நானா எழும்பி நின்றுவிட்டார். தயா அக்காவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். எல்லாம் வேலை செய்தது, சத்தத்தைத் தவிர. பாட்டுப் போட்டால் கோடுகள் மேலும் கீழும் ஆடுமே தவிர ஒரு சத்தமும் இல்லை. கலியாண வீடியோவை நாதஸ்வரம் இல்லாமல் எப்படி வெட்டுவது? கடைசியில் நானா எங்கோ தேடி ஒரு சின்ன வெளிச் சவுண்ட் காட் கொண்டுவந்து பின்னால் செருகினார். நான் நாட்கணக்காகப் போராடியதை அந்தச் சின்னத் துண்டு ஒரு நொடியில் செய்தது. தயா அக்கா வந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டா. யாருடையதோ கெட்டிமேளம். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தா.

அந்தப் பெட்டியை ஓட்டோவில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு, நெளுக்குளம் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன். வீட்டின் முன் அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை. சுவரில் ஒரு பொடியனின் படம். தாய் அகப்பையோடு குசினி வாசலில் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது பாரிஸில இருந்து வந்ததோ பிள்ளை?" என்று கேட்டா. இல்லையம்மா, கடையில் செய்தது என்றேன். அவவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சுவரில் இருந்த படம் தயா அக்காவின் தம்பி ரூபன். அதைப் பிறகுதான் சொன்னா. கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோது அவன் கூடவேதான் வந்தான். இவர்கள் ஆமி நின்ற இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தபோது இல்லை. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். தாய் அவனைத் தேடி ஏறாத இடம் இல்லை, இருக்காத போராட்டம் இல்லை. முகாமிலிருந்து வந்து நெளுக்குளத்திலேயே நின்றுவிட்டதும் அதனால்தான். அவன் தேடி வந்தால் முகாம் இருந்த வவுனியாவுக்குத்தானே முதலில் வருவான் என்பது தாயின் எண்ணம். கிளிநொச்சிக் காணியை யாரோ குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

கள்ள மக் கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. சுதன் ஏதும் சந்தேகப்படவில்லை. மாப்பிள்ளைமார் மாலை மாற்றினார்கள், பொம்பிளைகள் அழுதுகொண்டு சிரித்தார்கள், கேக் வெட்டினார்கள். கரண்ட் நேரத்தைப் பார்த்து தயா அக்கா சமைத்தா, குளித்தா, வேலை செய்தா.

ஒருநாள் விடியக் கடைக்குப் போன் எடுத்தா. பெட்டிக்கு ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். பெட்டிக்கு ஒன்றும் இல்லை, நீ ஒருக்கால் வந்துவிட்டுப் போ என்றா. குரல் வேறுமாதிரி இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

தாய் கோயிலுக்குப் போயிருந்தா. தயா அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரையைக் காட்டினா. ஒரு கலியாணம். மணவறையில் பொம்பிளையின் முகத்துக்குக் கிட்டவாகக் கமரா. பின்னால், சுவரோரமாக, மங்கலாக, கறுப்புச் சேட்டுப் போட்ட ஒருத்தன் தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். கீழே வைக்கிறான். திரும்பிப் போகிறான். கமரா மாப்பிள்ளை பக்கம் திரும்புகிறது. முடிந்தது.

"பார்த்தனியோ?"

என்னத்தை என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி போட்டா. மறுபடி. நான் அவவைப் பார்த்தேன், பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"அவன்ர நடை," என்றா. "வலது தோளைப் பதிச்சு நடப்பான். சின்னனில இருந்து அப்பிடித்தான். அம்மா பேசிப் பேசிப் பார்த்தவா, மாறேல்லை."

பாரம் தூக்குகிறவன் எவனும் ஒரு பக்கம் சாய்ந்துதானே நடப்பான் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகும்போதும் தோள் பதிந்துதான் இருந்தது. கையில் இல்லாத ஒரு வாளித் தண்ணியைச் சிந்தாமல் கொண்டுபோகிறவன் மாதிரி. 

"இதைப் பெருப்பிச்சுத் தெளிவாக்கேலுமோ தங்கச்சி?"

"பெருப்பிக்கலாம் அக்கா. தெளிவாக்கேலாது."

அவா நம்பவில்லை. கள்ள மக்கையே செய்தவள் இதைச் செய்யமாட்டாளா என்ற பார்வை. நான் உட்கார்ந்து பெருப்பித்தேன். முகம் கிட்டவந்தது. கிட்டவர வர முகம் இல்லாமல் போனது. மண்ணிறச் சதுரங்கள், கறுப்புச் சதுரங்கள். கமரா பொம்பிளையைத்தான் பார்த்தது, அவனை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. கமரா பார்க்காததை எந்தக் கொம்பியூட்டராலும் பார்க்க முடியாது. இதைத் தயா அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், நிறத்தை மாற்றினேன். வேலை செய்கிற மாதிரிப் பாவனை. அவா எனக்குப் பக்கத்தில் நின்றா. என்னுடைய தொழிலில் அதைவிடக் கையாலாகாத ஒரு காலையை நான் கண்டதில்லை.

கடைசியில் திரையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துச் சுதனுக்கு அனுப்பினோம். யார் இந்த ஆள், விசாரித்துச் சொல்லுங்கோ என்று. காரணத்தையும் தயா அக்கா மறைக்காமல் எழுதினா. சுதன் உடனே பதில் போட்டார். மண்டபத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள் அக்கா, பார்க்கிறேன் என்று.

தாய்க்குச் சொல்வதில்லை என்றுதான் தீர்மானித்தோம். ஆனால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், பக்கத்து அறையில் இருக்கிற தாய்க்குக் காது இல்லையா? அதே மேளம், அதே இடத்தில் நிற்கிறது. ஒருநாள் எழும்பி வந்து பின்னால் நின்றிருக்கிறா. நான் அன்றைக்கு அங்கே இல்லை, தயா அக்கா சொல்லித்தான் தெரியும். தாய் முகத்தைப் பார்க்கவே முயற்சிக்கவில்லையாம். அவன் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்வரை பொறுத்திருந்து, நாலடி நடக்கவிட்டு, "அவன்தான்" என்றாவாம். சத்தமாகக்கூட இல்லை. வாசலில் யாரோ தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று சொல்கிற மாதிரி.

அதன்பிறகு கரண்ட் வருகிற நேரம் அந்த வீட்டில் தாயின் நேரம். தயா அக்கா அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிடுவா. தாய் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பார்ப்பா. ஒருமுறை நானும் பக்கத்தில் இருந்தேன். "தண்ணிப் பெட்டி தூக்கிற வேலை. பாரமில்லை," என்று எனக்குச் சொன்னா. பிறகு, "சேட்டு நல்ல சேட்டு," என்றா. எனக்கு அந்தப் பெட்டியைச் செய்ததில் பெருமைப்படுவதா, ஏன் செய்தேன் என்று நோவதா என்று தெரியவில்லை.

வேலை நிற்காதே. அந்தக் கலியாணத்தையும் தயா அக்கா முடித்துக் கொடுத்தா. முடித்துக் கொடுத்த படத்தில் அந்தத் துண்டு இல்லை. பொம்பிளைக்குப் பின்னால் ஒருத்தன் தண்ணீர்ப் பெட்டியோடு குறுக்கே போகிற காட்சியை எந்த நல்ல எடிட்டரும் வைக்கமாட்டா. வெட்டினா. பொம்பிளை வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோசமாம்.

கொஞ்சக் காலம் கழித்து, சுதனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவர் நல்ல மனுசன், உண்மையிலேயே தேடியிருக்கிறார். சமையல்காரர் மூலம், அவருக்குத் தெரிந்தவர் மூலம், கடைசியில் அந்த ஆளையே கண்டுபிடித்துப் பேசவைத்து அனுப்பியிருந்தார். தயா அக்கா அதைக் கேட்கப் பயந்து கடைக்குக் கொண்டுவந்தா. நானா கல்லாவை விட்டு எழும்பி வந்தார். மூன்று பேரும் நின்று கேட்டோம்.

"அக்கா, நான் அவரில்ல. என்ட ஊர் வாழைச்சேனைப் பக்கம். படத்தப் பாத்தன், அது நான்தான். ஆனா உங்கட தம்பி நானில்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா."

தான் அவன் இல்லை என்பதற்கு ஒரு ஆள் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நானா தயா அக்காவுக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்தார். அவா இருக்கவில்லை. "அம்மாவுக்கு நான் எப்பிடிச் சொல்லுவன்?" என்று கேட்டா. 

அவா வாயால் சொல்லவில்லை. குரல்பதிவை அப்படியே போட்டுவிட்டாவாம். தாய் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது எங்கட பேச்சு இல்லை. மட்டக்களப்புப் பேச்சு," என்றிருக்கிறா.  "பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஆரும் இல்லைப் போல." பிறகு வழக்கமான இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "எண்டாலும் அந்த நடக்கிறதை ஒருக்காப் போடு," என்றா.

தயா அக்கா போட்டா. அடுத்தநாளும் போட்டா. அவன் இல்லை என்று தெரிந்தபிறகும் அவன் நடை அது. வேறு யாரோ ஒருவனின் தோளில் அந்த நடை எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. தாய்க்கு அது போதும் போலிருந்தது.

பிறகு ஒரு பகல், வெட்டின கரண்ட் திரும்ப வந்தபோது பாய்ந்து வந்தது. நெளுக்குளத்தில் அவர்களின் ஒழுங்கையில் பலருக்குச் சாமான்கள் போயின. பக்கத்து வீட்டில் குளிர்சாதனப்பெட்டி. இவர்கள் வீட்டில் மின்விசிறியும் கள்ள மக்கும். நான் போய்ப் பார்த்தபோது பெட்டிக்கு உயிர் இருந்தது, டிஸ்க்குக்கு இல்லை. பழச் சின்னம்கூட வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் குறி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். புதிய டிஸ்க் எங்கும் கிடைக்காத காலம் அது. ஒரு கலியாணம் முடிந்தால் அதை அழித்துத்தான் அடுத்ததற்கு இடம் விடவேண்டும். தயா அக்கா மற்ற எல்லாவற்றையும் அழித்து, அந்த ஒரு துண்டை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தா. அதை ஒரு பென் டிரைவில் போட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதே எங்களுக்கெல்லாம் போதுமாக இருந்தது. சுதனிடம் கேட்டோம். வாடிக்கையாளர் படத்தை ஏற்றுக்கொண்டதும் மூலத்தை அழித்துவிடுவது தன் வழக்கம் என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. இருப்பது முடித்துக் கொடுத்த படம் மட்டும்.

"அதில இல்லை," என்றா தயா அக்கா. "அதில இருந்து நான்தானே வெட்டினனான்."

நானா அந்த டிஸ்க்கைக் கையோடு கொழும்புக்குக் கொண்டுபோனார். பஸ் கிடைக்காத காலத்தில், லொறி ஒன்றில் இடம் பிடித்து. தெரிந்தவர், தெரியாதவர் என்று ஏறி இறங்கியிருக்கிறார். கடைசியாக ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே எரிந்துவிட்டது, தலைகீழாக நின்றாலும் எடுக்க முடியாது என்று கையில் கொடுத்துவிட்டார். நானா திரும்பிவந்து டிஸ்க்கை மேசையில் வைத்தார். "ஓடுமட்டும் ஓடட்டும்" என்கிற தன் வழக்கமான பேச்சை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. "நீயே கொண்டுபோய்க் குடு புள்ள. எனக்கு அந்த மனுசியின்ட முகத்தப் பாக்கேலாது," என்றார்.

கைத்தொலைபேசியில் நாங்கள் பிடித்த படம் இருந்தது. திரையைப் படம்பிடித்தால் வருமே, அந்த வரி வரியான கோடுகளோடு. நான் போனபோது தயா அக்கா அதைத்தான் தாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தா. தாய் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்துப் பார்த்தா. "இதில அவன் நிக்கிறான், நடக்கேல்லை," என்று திருப்பிக் கொடுத்துவிட்டா. பிறகு என்னைக் கண்டா. என் கையில் இருந்த டிஸ்க்கைக் கண்டா. "வருமோ பிள்ளை?"

"இல்லையம்மா. வராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர் வீட்டு முற்றத்தில் நின்று அழுத கொம்பியூட்டர்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாய் என் கையைப் பிடித்து, "விடு பிள்ளை. நீ நல்லாப் பார்க்கேல்லைப் போல. நான் காட்டுறன்," என்றா. எழும்பிச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்றடியிலிருந்து வாசல் படலைவரை நடந்தா. வலது தோளைப் பதித்து, இடது கையைக் கொஞ்சம் விலக்கி. படலையில் திரும்பி நின்று, "கண்டனியோ? இப்பிடித்தான்," என்றா. அச்சு அசல் அதேதான். தயா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

இதெல்லாம் நடந்து சில வருசங்கள் ஓடிவிட்டன. அந்த ஒழுங்கையில் இப்போது எங்கள் கடை இல்லை. கைத்தொலைபேசி உறை விற்கிற ஒரு கடை, வாசலில் கலர் கலராய் வெளிச்சம். நியாஸ் நானா தண்ணீரூற்றில் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார். போன் எடுத்தால் கொம்பியூட்டரைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். சுதனின் ஸ்ரூடியோவில் இப்போது கலியாணங்களைக் கொம்பியூட்டர் தானாகவே வெட்டி ஒட்டுகிறதாம். தயா அக்கா வவுனியாவில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறா. பாரிஸ் மண்டபங்களைப் பற்றி இப்போது கேட்டால், "எல்லாம் மறந்துபோச்சு," என்கிறா.

போன மாதம் நெளுக்குளம் போனேன். தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து படுக்கையில்தான். முற்றத்துக்கு இனி வரமாட்டா. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சநேரம் எடுத்தது. பிறகு கண்டுகொண்டா.

"நீ அண்டைக்குப் பார்த்தனியெல்லோ?"

"ஓம் அம்மா."

"எப்பிடி நடந்தவன்?"

தயா அக்கா வேலைக்குப் போயிருந்தா. அறையில் நாங்கள் இருவரும்தான். நான் எழும்பினேன். வலது தோளைப் பதித்தேன், இடது கையைக் கொஞ்சம் விலக்கினேன், கட்டிலடியிலிருந்து வாசல்வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். தாய் தலையணையில் சாய்ந்தபடி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்பிடியில்லைப் பிள்ளை," என்றா.